நிதானத்துக்கு எந்த வழி? விபாசனா முதல் மாடித்தோட்டம் வரை ஓர் ஒப்பீடு

சாப்பிட்டு எழுந்த பிறகு என்ன பொரியல் சாப்பிட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, நாமும் "ம்" கொட்டிக்கொண்டிருக்கிறோம். "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க" என்று அது கேட்கும்போது நம்மிடம் பதில் இல்லை. இந்த நிலையில் இருக்கும் பலர் ஒரு நாள் "போதும், இனி நிதானமாக வாழணும்" என்று முடிவுக்கு வருகிறார்கள். அந்த முடிவுக்கு வருவது கஷ்டமில்லை. அடுத்த கேள்விதான் ஆளைக் குழப்பிவிடுகிறது. லீவு போட்டுவிட்டு விபாசனா என்ற பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போவதா? எட்டு வார வகுப்பில் சேர்வதா? தியானச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் போதுமா? செல்போனைக் குறைப்பதா? காலையில் நடக்கப் போவதா, மாடியில் நாலு தொட்டி வைப்பதா?

இவற்றில் பெரும்பாலானவற்றை நான் செய்து பார்த்திருக்கிறேன். செய்யாதவற்றைப் பற்றிச் செய்தவர்களிடம் விசாரித்திருக்கிறேன். எல்லாமே நல்லவைதான். ஆனால் எல்லாமே எல்லோருக்கும் ஒத்துவராது. எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தும் பலன் ரொம்பவே மாறுகிறது. நிதானம் வேண்டும் என்றதும் மனம் நேராகப் பெரிய காரியத்துக்குத் தாவுகிறது: ஊரைவிட்டு எங்காவது போய், பேசாமல் இருந்து, புது மனிதராகத் திரும்பி வருவது. என் கணக்கில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. வீட்டில் இருந்தபடியே, வேலை நாளில், ஒரு மணி நேரத்தை மீட்டெடுப்பதுதான் முதல் வேலை.

ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, குக்கர் விசிலும் பள்ளி வேனின் ஹாரனும் சேர்ந்து கேட்கும்போது, இது நம்மிடம் மிச்சமிருக்குமா? இரண்டு, நமக்குக் கிடைக்கும் அமைதிக்காக வீட்டில் வேறு யாராவது கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

அதற்குமுன் ஒரு ஆறுதல். மனம் அலைவது நம் தனிப்பட்ட குறை இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், நாளின் ஏதோ ஒரு நேரத்தில் செல்போன் வழியாக, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது: இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்கிற காரியத்திலேயே மனம் வைத்திருந்த நேரத்தைவிடக் கூடுதல் சந்தோஷமாக இல்லை. ஆகவே "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று நொந்துகொள்ளாமல் ஆரம்பிக்கலாம்.

விபாசனா: பன்னிரண்டு நாள் லீவு கேட்கும் வழி

இந்த முகாம்களை இந்தியாவில் நடத்தத் தொடங்கிய எஸ்.என். கோயங்கா, 1924-இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வணிகர். தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனார். அந்த ஆசிரியர் பர்மா அரசின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர். ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே தியானம் கற்றுக்கொடுத்த மனிதர் என்பதாலேயே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. கோயங்கா இந்தியாவுக்கு வந்தது 1969-இல். இன்று மகாராஷ்டிராவின் இகத்புரிதான் முதன்மையான மையம். சென்னைக்காரர்களுக்குத் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது.

பத்து நாள் முகாம் என்றுதான் பெயர். முந்தைய நாள் மதியமே போய்ச் சேர வேண்டும், பதினோராம் நாள் காலையில்தான் கிளம்ப முடியும். ஆக லீவு பன்னிரண்டு நாள். செல்போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். யாரோடும் பேசக் கூடாது, கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது. விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். ஆறரைக்குக் காலை உணவு, பதினோரு மணிக்கு மதிய உணவு, மாலை ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும். அத்தோடு சரி. நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும்.

முதல் மூன்று நாளும் செய்வது ஒரே வேலை: மூக்கு நுனியிலும் அதற்குக் கீழே மேலுதட்டுக்கு மேலேயும் மூச்சு எப்படி உரசிப் போகிறது என்று கவனிப்பது. முதல் நாள் அங்கே ஒன்றுமே தெரியாது. மனம் இஎம்ஐக்கும் பழைய சண்டைகளுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில், உள்ளே போகும் மூச்சு குளிர்ச்சியாகவும் வெளியே வருவது வெதுவெதுப்பாகவும் இருப்பது தெளிவாகத் தெரியும். வலது நாசியில் வருகிறதா, இடது நாசியில் வருகிறதா என்றுகூடத் தெரியும். நாலாம் நாளில்தான் விபாசனா தொடங்குகிறது. உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை உடம்பின் ஒவ்வொரு பகுதியாக மனத்தை நகர்த்தி, அங்கே இருக்கும் உணர்ச்சியைத் தள்ளாமலும் இழுக்காமலும் பார்ப்பது. அதிலிருந்து தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையும் காலையும் அசைக்காமல் உட்கார முயல வேண்டும். முட்டி எரியும். முதுகு கெஞ்சும். சிலர் அழுதுவிடுவார்கள்.

இதை ஓய்வு என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இது கடுமையான உழைப்பு. ஆனால் அந்த உழைப்பில் கிடைப்பது வேறு எங்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சில்லாமல் சாப்பிடும்போது ரசத்தில் மிளகு தனியாகவும் சீரகம் தனியாகவும் நாக்கில் படுகிறது. அடுத்தவருடைய தட்டில் கரண்டி படும் சத்தம் வந்து போவது முழுக்கக் கேட்கிறது. ஒரு எரிச்சல் உடம்பில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படிக் கரைகிறது என்பதை முதல் முறையாக உட்கார்ந்து பார்க்க முடிகிறது. வாழ்நாளில் ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டிய காரியம்தான்.

கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் முன்பு முகாம் முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கிறது. முகாமை முடிக்காதவரிடம் நன்கொடைகூட வாங்குவதில்லை. இந்த ஒழுங்கை நான் மனதார மதிக்கிறேன்.

சரி, செவ்வாய்க்கிழமைக் கேள்விக்கு வருவோம். முகாம் முடிந்து போகும்போது, வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். வேலைக்குப் போகிறவர், சின்னப் பிள்ளைகள் இருப்பவர் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவார்? எனக்குத் தெரிந்தவர்களில் ஒருசிலர் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு: முகாமுக்குப் போகும் முன்பே அவர்கள் நாளில் காலியான, யாரும் தொடாத ஒரு நேரம் இருந்தது. அப்படி இல்லாதவர்களிடம், திரும்பி வந்து செல்போனை ஆன் செய்ததும் கொட்டும் நூற்றுக்கணக்கான மெசேஜ்களோடு பழைய ஓட்டம் மெல்ல மெல்லத் திரும்பிவிடுகிறது. பிறகு "எனக்குத் தியானம் வராது" என்று தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். குறை அவர்களிடம் இல்லை, வரிசையில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. கணவர் பன்னிரண்டு நாள் போனால், அந்த நாட்களில் பிள்ளைகள், மாமியாரின் மாத்திரை, கேஸ் புக்கிங், ஸ்கூல் மீட்டிங் எல்லாம் மனைவி தலையில். இவரை அவசரத்துக்கு போனில்கூடப் பிடிக்க முடியாது, மையத்தின் அலுவலகத்துக்குத்தான் கூப்பிட வேண்டும். அவர் அமைதியாகத் திரும்பி வரும்போது அந்த அம்மா ஓய்ந்து போயிருப்பார். போகக் கூடாது என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் அதே பன்னிரண்டு நாள் மனைவி போவதற்கு வீட்டில் ஏற்பாடு உண்டா என்று போகும் முன்பே பேசி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. தீவிர மனச்சோர்வு, மனநலச் சிகிச்சை, சமீபத்திய பெரிய இழப்பு இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மருத்துவரையும் கேளுங்கள். பத்து நாள் மௌனம் எல்லா நேரத்திலும் எல்லா மனத்துக்கும் பாதுகாப்பானது இல்லை.

எட்டு வார வகுப்பு

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய பயிற்சி இது. கவனப் பயிற்சியால் மன அழுத்தத்தைக் குறைப்பது என்ற பொருளில், ஆங்கிலத்தில் எம்.பி.எஸ்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தீராத வலியோடு, மருந்தால் முழுக்கச் சரியாகாமல் இருந்த நோயாளிகளுக்காக ஆரம்பித்தது. வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு முழு நாள். வீட்டில் தினமும் சுமார் முக்கால் மணி நேரப் பயிற்சி. படுத்துக்கொண்டு உடம்பைக் கால் விரலிலிருந்து தலை வரை கவனிப்பது, உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது, எளிய யோகாசனங்கள். முதல் வகுப்பில் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, அதைப் பார்த்து, தடவி, முகர்ந்து, மெல்ல மென்று சாப்பிடச் சொல்வார்கள். சமயச் சடங்கு எதுவும் இல்லை என்பதால் அதில் தயக்கம் உள்ளவர்களுக்கும் ஒத்துவரும்.

இதன் பெரிய பலம், வீட்டில் இருந்தபடியே கற்பது. சண்டை, ஜுரம், மாத முடிவு என்று எல்லாம் நடக்கும் எட்டு வாரத்துக்குள்ளேயே பயிற்சியும் நடக்கிறது. இந்த வாரம் ஏன் செய்ய முடியவில்லை என்று கேட்க ஒரு ஆசிரியரும், அதே நிலையில் இருக்கும் சக மாணவர்களும் இருக்கிறார்கள். பதற்றக் கோளாறு உள்ள 276 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. ஒரு பாதிக்கு இந்த எட்டு வார வகுப்பு, இன்னொரு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற வழக்கமான மாத்திரை. இரண்டு தரப்பிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, நாள்பட்ட வலி இருப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த வகுப்பைத்தான்.

குறைகளும் உண்டு. கட்டணம் கணிசமாக இருக்கும், இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. முறையாகப் பயின்றவரா, வார இறுதிப் பட்டறையில் கற்றுக்கொண்டு வந்தவரா என்று விசாரிக்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும், அது எத்தனை வீடுகளில் இருக்கிறது?

தியானச் செயலிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குரல் வழிநடத்த, பத்து நிமிடம் உட்காரப் பழகிக்கொள்ள உதவும். முதல் சில வாரங்களுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதிலிருந்து விலக வேண்டுமோ அதையே கையில் எடுத்துத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. தியானம் முடிந்த கையோடு விரல் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும்.

செல்போன்: எல்லோரும் தொடங்க வேண்டிய இடம்

எத்தனை வழி இருந்தாலும் இதைத் தொடாமல் மற்றது எதுவும் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் நமக்கு வேண்டியது முதலில் நேரம், நேரம் போயிருக்கும் இடம் இதுதான். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்று இரண்டு பக்கமும் 2018-லேயே கணக்குக் காட்டும் வசதி வந்துவிட்டது. செட்டிங்ஸில் போய் ஒரு வாரக் கணக்கைப் பாருங்கள். மொத்த நேரத்தைவிட, ஒரு நாளில் எத்தனை முறை திறந்திருக்கிறோம் என்ற எண்ணைக் கவனியுங்கள். நம் நாள் எத்தனை துண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது என்பது அதில் தெரியும்.

செல்போனை ஒரேயடியாக விட்டுவிடு என்பது நம் ஊரில் நடைமுறைக்கு ஆகாது. பால்காரருக்கு ஜிபே, பேங்க் ஓடிபி, பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப், அபார்ட்மெண்ட் தண்ணீர் லாரி அறிவிப்பு, எல்லாம் அதில்தான். பட்டன் போனுக்கு மாறுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். பட்டன் போனிலும் யுபிஐ செலுத்தும் வசதி 2022-இல் வந்தது என்றாலும், பள்ளி குரூப் அதில் வராதே. ஆகவே போன் இருக்கட்டும், அது இருக்கும் இடத்தை மாற்றுவோம்.

என் அனுபவத்தில் உண்மையாகவே வேலை செய்தது இடம் மாற்றுவதுதான். சார்ஜரைப் படுக்கை அறையிலிருந்து எடுத்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டி வையுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு போன் அங்கே போய்விடும். காலையில் எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாயில் கிடைக்கும். முதல் சில நாள் கை தலையணைக்கு அடியில் தேடும். அப்புறம் ஒரு வித்தியாசம் தெரியும்: கண் விழித்ததும் முதலில் பார்ப்பது மின்விசிறியாக இருக்கும், முதலில் கேட்பது தெருவில் யாரோ வாசல் தெளிக்கும் சத்தமாக இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஊர் உலகத்துச் செய்தி எதுவும் தலைக்குள் வருவதில்லை. நாள் முழுக்க அதன் பலன் இருக்கிறது.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். மனிதர்கள் நேரடியாக நமக்கு அனுப்புவதைத் தவிர மீதி எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். தள்ளுபடி விற்பனை, கிரிக்கெட் ஸ்கோர், யாரோ போட்ட ரீல்ஸ் எதற்கும் நம்மைக் கூப்பிடும் உரிமை இல்லை. குடும்ப குரூப்பை மியூட் செய்தால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம் வேண்டாம், மியூட் செய்தது யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய போனும் அதே ஹால் பிளக்கில். இதைப் பிள்ளைகளுக்கு மட்டும் சட்டமாகப் போட்டால் ஒரு நாள்கூட நிற்காது. அப்பா போன் முதலில் அங்கே போக வேண்டும்.

என் இரண்டு கேள்விகளிலும் இது தேறுகிறது. செவ்வாய்க்கிழமை காலையும் சார்ஜர் ஹாலில்தான் இருக்கும், மன உறுதி எதுவும் தேவையில்லை. வீட்டில் யார்மேலும் கூடுதல் பாரம் விழுவதில்லை. செலவு, ஒரு அலாரம் கடிகாரம். குறை என்னவென்றால், இது இடத்தைக் காலி செய்து கொடுக்குமே தவிர அதில் எதையும் வைக்காது. காலி இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் டிவி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அடுத்த இரண்டும்.

நடை

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையை வலம் வருகிறவர், நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல அடியெடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு சொல் உண்டு. ரமணரும் அந்த வேகத்தைத்தான் சொல்வார்; அவரும் அன்பர்களும் வழியில் தங்கித் தங்கி, ஒரு நாளுக்கு மேல்கூட எடுத்துக்கொண்டு வலம் வந்திருக்கிறார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் அந்த வேகம் சாத்தியமில்லை. வேறு ஏதாவது ஒரு நாள், விடியும் முன் இந்திர லிங்கத்திலிருந்து கிளம்பிப் பாருங்கள். எட்டு லிங்கங்களிலும் நின்று நின்று நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: ஒவ்வொரு திருப்பத்திலும் மலை வேறு வடிவம் காட்டுகிறது. வேகமாகப் போகிறவர் மலையைப் பார்ப்பதில்லை, கிலோமீட்டர் கல்லைப் பார்க்கிறார். ஒரு நாள் லீவில், பஸ் டிக்கெட் செலவில் கிடைக்கும் பெரிய அனுபவம் இது. விபாசனாவுக்கு லீவு கிடைக்காதவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்தாலே போதும் என்பேன். பக்தி இல்லாதவர்களும் நடக்கலாம், மலை யாரையும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் தினசரிக்கு வேண்டியது நம் தெரு. இருபது நிமிடம், காதில் இயர்போன் இல்லாமல், ஸ்டெப் எண்ணாமல். ஆரோக்கியத்துக்கு நடப்பது வேறு, அதற்கு வேகம் வேண்டும். இது பார்ப்பதற்கான நடை. சென்னையில் நாகேஸ்வரராவ் பூங்கா மாதிரி இடம் பக்கத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இரண்டு தெரு போதும். எந்த வீட்டுச் சுவரில் செம்பருத்தி எட்டிப் பார்க்கிறது, இஸ்திரி வண்டிக்காரர் எத்தனை மணிக்குக் கரி மூட்டுகிறார், எந்தக் காம்பவுண்டு பூனை இன்று இல்லை என்று தெரியத் தொடங்கினால் நடை வேலை செய்கிறது என்று அர்த்தம். நாய்த் தொல்லை இருக்கும் தெருக்களிலும், இருட்டில் தனியாகப் போகத் தயங்கும் பெண்களுக்கும் இது அவ்வளவு சுலபமில்லை என்பதை அறிவேன். மொட்டை மாடியில் எட்டு போட்டு நடப்பதும் நடைதான்.

கையால் செய்யும் ஒரு வேலை

மாடித்தோட்டத்தைச் சொல்லக் காரணம், செடியை அவசரப்படுத்த வழியே இல்லை என்பதுதான். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் பைகள், தேங்காய் நார்க்கழிவு, விதைகள் சேர்ந்த தொகுப்பு தருகிறது. முதல் முறை வைப்பவர்கள் தக்காளி, கத்தரிக்குப் போகாமல் கீரையிலிருந்து தொடங்குங்கள். தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சின்னது. மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் போட்டு, பூவாளியால் தெளிக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். மூன்று நான்கு நாளில், காலை வெயில் சாய்வாக விழும்போது குனிந்து பார்த்தால், சிவப்பு நூல் மாதிரி தண்டுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சிலதின் தலையில் விதைத்தோல் இன்னும் ஒட்டியிருக்கும். அதைப் பார்ப்பதற்காகக் குனிந்து நிற்கும் நிமிடங்களில் மனம் வேறெங்கும் போவதில்லை, போகாதே என்று அதட்டவும் வேண்டியதில்லை. நாலு வாரத்துக்குள் கூட்டு வைக்கலாம்.

நேரமும் கொஞ்சம்தான் கேட்கும், காலையில் கால் மணி நேரம். ஆனால் ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், வாடகை வீட்டில் ஓனர் ஒழுகும் என்று பயப்படுவார். முடியாதவர்கள் வேறு கைவேலையை எடுக்கலாம்: பூத்தொடுப்பது, தையல், வீணையோ மிருதங்கமோ. கை ஒரு வேலையில் மெதுவாக இருந்தால் மனம் கூடவே இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோலம் போடுவது தியானம், பாத்திரம் கழுவுவதைக் கவனத்தோடு செய்தால் அதுவே தவம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். தானாக விரும்பிச் செய்பவருக்கு அது உண்மை. ஆறு மணிக்குள் வாசல் தெளித்து, ஏழுக்குள் டிபன், எட்டுக்குள் நாலு டிபன் பாக்ஸ் கட்டி, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்கும் பெண்ணிடம் "அதையே ரசித்துச் செய்" என்று சொல்வது உதவி ஆகாது. அவருக்கு நிதானம் வர ஒரே வழி, அந்த டிபன் பாக்ஸ்களில் இரண்டை வேறொருவர் கட்டுவது. வீட்டில் யாருக்கு நேரம் இல்லையோ அவரிடமிருந்து தொடங்காத நிதானம் அரைகுறைதான். ஞாயிறு காலை அடுப்படியை ஆண்கள் எடுத்துக்கொள்ளும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே அந்த அம்மா பேப்பரை முழுக்கப் படித்து, காபியைச் சூடு ஆறும் முன் குடித்து முடிக்கிறார். இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லா வழிகளையும்விட அந்த வீட்டுக்கு அது பெரிய மாற்றம்.

வீட்டுக்கு வெளியேயும் இதே கணக்குதான். நாம் சாயங்காலம் நிதானமாக உட்கார்ந்திருக்க, பத்து நிமிடத்தில் தயிர் கொண்டுவர ஒரு பையன் சிக்னலைத் தாண்டி வண்டியை விரட்டுகிறான். தெருமுனைக் கடைக்கு நாமே நடந்து போய் வாங்கினால் நமக்கு ஒரு நடை கிடைக்கும், அவனுக்கு ஒரு விரட்டல் குறையும்.

அப்படியானால் யார் எதை எடுப்பது?

பதற்றம், வலி, தூக்கமின்மை என்று உடம்பு ஏற்கெனவே புகார் சொல்லிக்கொண்டிருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு எட்டு வார வகுப்பு. பணமும் அறையும் கிடைக்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு, படுக்கையில் பெரியவர் இருக்கும் வீடு என்றால் இப்போதைக்கு வகுப்பும் வேண்டாம், முகாமும் வேண்டாம். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள், வேலையைப் பங்கு போடுங்கள், அது போதும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்குக் குறித்த நேரத்துப் பயிற்சி எதுவும் நிற்காது, அவர்களுக்கு நடையும் செடியும்தான் தோது. ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வளர்ந்து தனியே போய்விட்ட தம்பதிகள் தாராளமாக விபாசனாவிலிருந்தே தொடங்கலாம். காலை மாலை ஒரு மணி நேரம் அவர்களால் கொடுக்க முடியும். ஆண், பெண் இருவரும் ஒரே முகாமுக்குப் போகலாம், தனித்தனிப் பகுதியில் தங்க வைப்பார்கள்.

மற்றவர்களுக்கு, அதாவது வேலையும் பிள்ளைகளும் ஈஎம்ஐயுமாக நடுவில் நிற்கும் நம்மில் பலருக்கு, நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் ஒரு மாதம் போனுக்கு இடம் மாற்றம், வேறு எதையும் சேர்க்காமல். மீண்ட நேரத்தில் நடையோ செடியோ ஏதாவது ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் இரண்டும் நின்றுபோகும். ஆறு மாதம் கழித்தும் காலை நேரம் நம் கையில் இருந்தால், அப்போது விபாசனாவுக்குப் போங்கள். அங்கே கற்றது வந்து உட்கார வீட்டில் இடம் தயாராக இருக்கும்.

விண்ணப்பம் இணையத்தில்தான் போட வேண்டும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், காத்திருப்புப் பட்டியலில் பெயர் விழுவதும் உண்டு. ஆகவே ஆறாவது மாதம் வரை காத்திருக்காமல், நாலாவது மாதத்திலேயே தேதியைப் பார்த்து, பிள்ளைகளின் பரீட்சை அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்துவிடுங்கள். வீட்டில் இருவர் என்றால் அந்த ஒரே உட்காரலில் இரண்டு தேதிகளையும் குறித்துவிடுங்கள்: ஒன்று உங்களுக்கு, இன்னொன்று அவருக்கு.